கையைத் தூக்குங்கோ, சேர்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி இருபது நிமிடம். வெள்ளவத்தைக் கிளினிக்கின் கட்டிலில் இன்ஸ்பெக்டர் விஜேதுங்க சட்டையில்லாமல் படுத்திருந்தார். முதல்நாள் இரவிலிருந்து சாப்பிடவில்லை. ஒன்பதுக்குக் கூட்டம் இருந்தது.

டொக்டர் கௌரி அவருடைய விலாவுக்குக் கீழே ஜெல்லைப் பூசி, ஸ்கேன் கருவியை வைத்தாள். ஈரல் நாளத்தில் இரத்தம் ஓடும் ஓசை அறையை நிரப்பியது. திரையில் அலை ஏறி இறங்கியது.

"மூச்சை அடக்குங்கோ, சேர்."

அடக்கினார். விட்டார்.

"நங்கி யாழ்ப்பாணமா?" தங்கையென்று அழைத்துச் சிங்களத்தில் கேட்டார்.

"கதைச்சா அலை குழம்பும், சேர்." அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். "திரும்ப எடுக்கவேணும்."

அடக்கினார்.

"எங்க தங்கியிருக்கிறீர்?"

"லொட்ஜில. மூச்சு, சேர்."

"பொலிஸ் பதிவு இருக்கோ?"

இருந்தது. கொழும்பில் தங்கும் வடக்குத் தமிழர் வைத்திருக்கவேண்டிய அந்தத் துண்டின் தவணை நான்கு நாளுக்கு முன் முடிந்திருந்தது. லொட்ஜ்காரர் பத்து மணிக்குத்தான் புதிய படிவத்துடன் நிலையத்துக்குப் போவார். போன கிழமை இதே குற்றத்துக்கு ஜீப்பில் ஏற்றப்பட்ட இரண்டு பெண்கள் இன்னும் திரும்பவில்லை.

"அலை போச்சு. இன்னும் ஆழமா இழுங்கோ."

இழுத்தார். அலை தட்டையாகிவிட்டது.

"கூடிப்போச்சு, சேர்."

"நீர்தானே ஆழமா எண்டீர்?"

"இவ்வளவு ஆழமில்லை. இடப்பக்கம் திரும்புங்கோ."

திரும்பினார். வயிறு உறுமியது.

"அந்தப் பதிவுத் துண்டை…"

"வயிறும் சத்தம் போடக்கூடாது, சேர். இரண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்கோ."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார்.

"விலா விரியவேணும்."

தூக்கினார்.

"இன்னும் மேல. அசையவேண்டாம். நான் சொல்லுமட்டும் இறக்கக்கூடாது."

வாய் திறந்தபோதெல்லாம் "மூச்சு" என்றாள். ஏழாம் தடவை அவர் வாய் திறக்கவில்லை.

எட்டு ஐம்பதுக்கு ஜீப் சாரதி கதவைத் தட்டினான். இன்ஸ்பெக்டர் ஜெல்லைத் துடைக்காமலே சட்டையைப் போட்டார். பொத்தான்கள் இடம் மாறியிருந்தன. வாசலில் நின்று நெற்றியைத் தடவினார்.

"நான் உம்மட்ட ஏதோ கேட்டனான்."

"ரிப்போட் நாளைக்கு, சேர். உடனே ஏதாவது சாப்பிடுங்கோ."

ஜீப் புறப்பட்டது.

கட்டிலைத் துடைக்க வந்த கொட்டாஞ்சேனை றோஸி, இயந்திரம் தள்ளியிருந்த படத்தைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரேயொரு படம்தான் இருந்தது. ஓரத்தில் அச்சாகியிருந்த நேரத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

"டொக்டர் மிஸ், எட்டு இருபத்தொண்டுக்கே படம் வடிவா விழுந்திட்டுதே. பிறகு என்னத்துக்கு அந்த மனுசனை அரை மணித்தியாலம் கையைத் தூக்க வச்சீங்க?"