மாட்டுக்கும் எனக்கும் உறவில்லை

அரசாங்கப் படிவமொன்றில் நான் ஒரே ஒரு தடவைதான் உண்மையை மறைத்துக் கையெழுத்து வைத்திருக்கிறேன். அதுவும் ஒரு மாட்டுக்காக. (லஞ்சத்துக்காக மறைத்திருந்தாலாவது வீட்டில் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.)

கல்முனைக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ ஒரு நகரசபை. எது என்று கேட்காதீர்கள், இன்னும் அங்கேதான் சம்பளம் எடுக்கிறேன். பெறுகைப் பிரிவில் முகாமைத்துவ உதவியாளர். சபைக்குத் தேவையான சாமான்களையும் சேவைகளையும் நியாயமாக வாங்கிக் கொடுப்பது எங்கள் வேலை. விலைமனுக்களை மூடிய உறையில் வாங்க வேண்டும், எல்லார் முன்னாலும் பிரிக்க வேண்டும், எல்லாரையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும். இதற்காக என்னை இரண்டு கிழமை பயிற்சிக்கு அனுப்பினார்கள். மனிசனாகப் போனவன் சுற்றறிக்கையாகத் திரும்பி வந்தேன். மீன் வாங்கப் போனால்கூட மூன்று பேரிடம் விலை கேட்டேன். மூன்றாமவரின் விலையை எழுதிக்கொண்டு முதலாமவரிடம் கிறுகி வந்தபோது அவர் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வீட்டில் பருப்பு.

வீடு என்றால் என் வீடு இல்லை. எங்கள் பக்கம் கல்யாணம் முடித்த ஆண்பிள்ளை பெண் வீட்டில்தான் போய் இருப்பான். எனக்கு அப்போது கல்யாணமாகி மூன்று மாதம். வீடு மாமியுடையது, கட்டில் மாமியுடையது, நான் முதுகு சாய்க்கும் கதிரை மாமியுடையது. மைனாவும் மாமியுடையதுதான்.

மைனா ஒரு செவலைப் பசு. அந்த வீட்டில் எனக்கு எட்டு வருடம் மூப்பு. மாமி அதை "புள்ள" என்றும் என்னை "மருமகன்" என்றும்தான் கூப்பிடுவார். இரண்டில் எதில் பாசம் கூட என்று நான் ஆராயவில்லை. விடியப்புறம் சுபஹுத் தொழுதுவிட்டு வந்ததும் அதற்குக் கஞ்சி வைப்பது என் பொறுப்பு. கஞ்சியைக் குடித்துவிட்டு அது ஊர் சுற்றப் போகும். பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் திரும்பி வரும். இடைப்பட்ட நேரத்தில் அது எங்கே நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் சபைக்கு முன்னாலுள்ள வெறுவளவில், வாகை மரத்தடியில், நான் வேலை செய்யும் யன்னலுக்கு நேரே. நான் கோப்பு எழுத, அது சந்தையில் வீசிய கோவா இலையைத் தின்னும். கந்தோரில் ஒருவருக்கும் அது யாருடைய மாடென்று தெரியாது. சொல்ல எனக்கு வெட்கம்.

வெட்கத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் கரையோர ஊர்களில் கட்டாக்காலி மாடு பெரிய தலையிடி. பிரதான வீதியில் பஸ் வந்தாலும் எழும்பாது. "மாடுகளை அவிழ்த்து விடுவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற அறிவித்தலை எழுதியதே நான்தான். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அதைத் தெருத் தெருவாக வாசித்தபோது மாமி வாசலில் நின்று கேட்டுவிட்டு, "எந்த மானங்கெட்ட குடும்பமோ மாட்ட அவுத்து உடுது, மருமகன்" என்றார். அந்த நேரம் மைனா சந்தையில். நான் "ஓம் மாமி" என்றேன்.

மாமிக்கு நான் சொல்லாத இன்னொரு விசயமும் இருந்தது. எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தகுதிகாண் காலம் முடிய இரண்டு மாதம் கிடந்தது. கல்யாணப் பேச்சில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "எங்கட மருமகன் கவுமெந்து உத்தியோகம், நிரந்தரம்" என்று மாமி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நிரந்தரமாக்கும் கடிதமோ செயலாளர் தவராசா சேரின் மேசையில் அவருடைய கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கட்டாக்காலி மாடு பிடிக்கும் சேவைக்குக் கேள்வி, அதாவது டெண்டர், கோரினோம். மூன்று உறைகள் வந்தன. முதலாவது ஹாஜியார் ஒருவருடையது. சபைக்குத் துடைப்பமும் அவர்தான், மணலும் அவர்தான், மின்குமிழும் அவர்தான். இரண்டாவது வேறொரு கம்பனி. கடிதத் தலைப்பு வேறு, முகவரி வேறு, ஆனால் இரண்டு கடிதத்திலும் ஒரே இடத்தில் ஒரே அளவில் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம் இருந்தது. மூன்றாவது சவளக்கடையிலிருந்து கந்தப்போடியார். கொப்பித் தாளில் கையால் எழுதியிருந்தார்.

நான் வட்டங்களைச் செயலாளருக்குக் காட்டினேன். தவராசா சேர் தம்பிலுவில் ஆள், அதிகம் கதைக்க மாட்டார். "தேத்தண்ணி குடிக்கிறது குற்றமில்ல தம்பி" என்றார். "வேற ஏதும் வழி இருந்தா சொல்லும்."

இருந்தது. பயிற்சியில் படித்த அத்தனையும் என் மண்டைக்குள் கொதித்தது. "செய்முறைப் பரீட்சை வைப்பம் சேர். மூண்டு பேரும் மாடு பிடிச்சுக் காட்டட்டும். ஒரே மாடு, ஒரே இடம், பதினைஞ்சு நிமிசம். ஆருக்கும் அநியாயம் வராது."

தொழில்நுட்ப உத்தியோகத்தர் யன்னலால் எட்டிப் பார்த்தார். "எந்த மாடெண்டு யோசிக்கத் தேவல்ல. உந்தா நிக்கிதே செவலை. ஊரிலயே கெட்ட மாடு அதுதான்."

எல்லாரும் மைனாவைப் பார்த்தார்கள். மைனா என்னைப் பார்த்தது. நான் முகட்டைப் பார்த்தேன்.

அப்போது வாயைத் திறந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் திறக்கவில்லை. பிறகு படிவம் வந்தது: இந்தப் பெறுகையில் பங்குபற்றும் எவருடனும் எனக்கு உறவோ நலனோ இல்லை. மாடு விலைமனு போடவில்லையே என்று மனச்சாட்சியைத் தட்டித் தூங்கவைத்துவிட்டு, கையெழுத்தை வைத்தேன்.

பரீட்சை நாள். வெறுவளவைச் சுற்றிச் சனம். வாகை மரத்தடியில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருந்தேன். மாடு தொடங்க வேண்டிய இடம். கழுத்தில் விசில், கையில் கோப்பு. (கண்ணாடியில் பார்த்து விசில் ஊதிப் பழகியதை இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை.)

முதலில் ஹாஜியாரின் ஆட்கள். பச்சை டீசேட் போட்ட நான்கு பேர், புது நைலோன் கயிறு, ஒரு லொறி. விசில் ஊதினேன். மைனா நால்வரையும் இழுத்துக்கொண்டு வெற்றிலைக் கடைக்குள் புகுந்து, ஒருவனைத் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் தள்ளி, ஒரு கட்டு வெற்றிலையைத் தின்றுவிட்டு, பதினைந்தாவது நிமிடத்தில் தானாகவே வந்து சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்றது. எனக்கு அதன் ஒழுக்கத்தைக் கண்டு பெருமையாக இருந்தது.

அடுத்தவர் தொடங்குமுன் நான் கையைத் தூக்கினேன். "முதலாமவருக்குக் கிடைச்ச மாடு களைப்பில்லாத மாடு. இரண்டாமவருக்கும் அதே மாடு கிடைக்கணும். அதே பசி, அதே கோபம்."

"கோபத்த எப்பிடித் தம்பி அளக்கிறது?" என்றார் செயலாளர்.

"ஒரு நிமிசத்துக்கு எத்தின தரம் வால் ஆட்டுதெண்டு எண்ணலாம் சேர். காலையில எண்ணி வெச்சிருக்கன்."

நான் மாட்டுக்கு அரை வாளி தண்ணீர் வைத்து, அதன் பின்னால் அரை மணித்தியாலம் நின்று வாலை எண்ணிக் கோப்பில் பதிந்தேன். படித்த மனிசன் ஒருவன் மாட்டு வாலுக்குப் பின்னால் பேனையோடு நிற்பதைப் பார்க்க, பஸ்ஸை நிறுத்தி ஆட்கள் இறங்கினார்கள்.

இரண்டாவது கம்பனி வந்தது. நீல டீசேட் போட்ட நான்கு பேர். அதில் ஒருவனின் தலையிலிருந்து கான் தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. மைனா அவர்களைக் கண்டதுதான் தாமதம், விசிலுக்கு முதலே ஓட்டம் எடுத்தது.

நனைந்தவன் கத்தினான்: "சேர், இது சரியான அநியாயம்! இந்த மாடு எங்கள ஏற்கனவே கண்டிருக்கு!"

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்ப கண்டது?"

நனைந்தவன் ஹாஜியாரைப் பார்த்தான். ஹாஜியார் வானத்தைப் பார்த்து, மழை வரும்போல இருக்கு என்றார். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

எனக்கு உள்ளுக்குள் பெருநாள். என் பரீட்சை கள்ளனைப் பிடித்துவிட்டது! இனிக் கந்தப்போடியார் மட்டும் மாட்டைப் பிடித்தால், என் நிரந்தரக் கடிதத்தைத் தங்கத் தாளில் அடித்துத் தருவார்கள். நான் மறுபடி தண்ணீர் வைத்து, மறுபடி வால் எண்ணி, விசில் ஊதினேன்.

போடியார் அறுபது வயது தாண்டியவர். சைக்கிளில் தனியாக வந்திருந்தார், தோளில் ஒரு பழைய கயிறு. ஓடவில்லை, கத்தவில்லை. சும்மா குந்தி இருந்து மைனாவைப் பார்த்தார். ஐந்து நிமிடம் போனது. பிறகு வாளியோடு நின்ற என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"மனே, இது ஆர்ர மாடு?"

"தெரியாது ஐயா."

"ஆரோ ஊட்டுல செல்லமா வளர்த்த மாடு மனே. கயிறெல்லாம் என்னத்துக்கு? பேரச் சொல்லிக் கூப்பிட்டா வந்திடும். பேர்தான் தெரியல்ல."

என் நாக்கு வாய்க்குள் துடித்தது. ஒரே ஒரு சொல். சொன்னால் நேர்மையான மனிதன் வெல்வான். ஆனால் நடுவர் விடை சொல்லிக்கொடுத்ததாகிவிடும், நானும் பிடிபடுவேன். சொல்லாவிட்டால் நியாயம் காப்பாற்றப்படும், நியாயமானவர் தோற்பார். பயிற்சியில் இந்தப் பாடம் எடுக்கவில்லை.

"லெச்சுமி!" என்றார் போடியார். மைனா அசையவில்லை. "கறுப்பி! ராணி! செல்லம்மா!" சனத்திலிருந்தும் ஆளுக்கொரு பேர் எறிந்தார்கள். யாரோ தன் பெண்சாதியின் பேரைச் சொல்லிச் சிரிப்பு வாங்கினான். பன்னிரண்டாவது நிமிடம். போடியார் எழும்பி நின்று, கஞ்சி வைக்கும்போது வீட்டில் கூப்பிடுவோமே, அப்படி நாக்கைத் தட்டி ஒரு சத்தம் போட்டார்.

மைனா தலையைத் தூக்கியது. நடந்து வந்தது. போடியாரின் கயிற்றைத் தாண்டி, செயலாளரைத் தாண்டி, நேரே என்னிடம் வந்து, என் கையிலிருந்த வாளிக்குள் முகத்தை விட்டது. கஞ்சி இல்லை என்று கண்டதும் வெளியே எடுத்து, என் கக்கத்துக்குள் தலையைச் செருகிக்கொண்டு, சட்டையை நக்கத் தொடங்கியது. வால் ஆட்டம், நிமிடத்துக்குப் பூச்சியம்.

போடியார் கயிற்றைச் சுருட்டினார். "தெரியாதெண்டீங்க மனே. அதுக்கு உங்களத் தெரிஞ்சிருக்கே."

நான் ஏதாவது சொல்லியிருப்பேன், அதற்குள் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. குடையோடு மாமி இறங்கினார். மாட்டை ஆள் வைத்துத் துரத்துகிறார்கள் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"மருமகன்! விடியக் கஞ்சி வெச்ச கையாலயா இந்த வேல பாத்தீங்க? எங்கட மைனாவ ஆள் உட்டு அடிக்கிறீங்களா? அல்லாஹ்வே, புள்ளைக்கி மூச்சு வாங்குதே!"

சனம் கைதட்டியது. ஹாஜியாருக்கு வெயில் திரும்பக் கண்ணில் பட்டது. "பாத்தீங்களா சேர்! உறவுக்கார மாடு! இந்த டெண்டர ரத்துச் செய்யணும். எனக்கு நீதி வேணும்!"

"எந்தக் கம்பனி சார்பில கேக்கிறீங்க ஹாஜியார்?" என்றார் செயலாளர்.

"ரெண்டு சார்பிலயும்!"

கேள்வி ரத்தானது. ஹாஜியாரின் இரண்டு கம்பனிகளுக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. எனக்கும் வந்தது. பதிலில், "மேற்படி மாடு எனது மனைவியின் தாயாருக்குச் சொந்தமானது என்பதையும், அதன் பாலில் நான் தினமும் இரு வேளை தேநீர் அருந்துகிறேன் என்பதையும் பணிவுடன் ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதினேன். செயலாளர் வாசித்துவிட்டு, "இத முதல் நாளே ரெண்டு வரியில எழுதியிருந்தா வேற மாடு பாத்திருப்பம். அவ்வளவுதான் தம்பி நேர்மை. வால் எண்ணத் தேவல்ல" என்றார். என் தகுதிகாண் காலத்தை ஒரு வருடம் நீட்டினார். மறுபடி கேள்வி கோரினோம். பரீட்சை இல்லை, போடியாரின் விலைதான் குறைவு, அவருக்கே கிடைத்தது. அவர் பிடித்த முதல் மாடு மைனா. இந்தமுறை அவருக்குப் பேர் தெரியும்.

தண்டப் பற்றுச்சீட்டை மாமியின் பேருக்கு எழுதியது நான்தான். தகுதிகாண் கடிதமும் அதே நாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மாமி இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, என் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த ஊட்டுல மைனா நிரந்தரம். இவருக்கு இன்னும் ஒரு வருசம் கிடக்கு."

அடுத்த வருடம் நான் நிரந்தரமானேன். மைனா ஒரு நாகு கன்று போட்டது. மாமி அதற்கு டெண்டர் என்று பேர் வைத்தார். விருந்தாளிகள் வந்தால் இன்றைக்கும், "குடிங்க, எங்கட டெண்டர்ர பால்தான், கலப்படமில்ல" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமலே சிரிப்பார். டெண்டரின் கன்றுக்குக் கொட்டேசன் என்று பேர் வைத்தது என் மகள்; வளர்ப்பு அப்படி.

சபையில் படிவத்தையும் மாற்றிவிட்டார்கள். கடைசியில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருக்கிறது: மதிப்பீட்டுடன் சம்பந்தப்பட்ட விலங்குகள் எவற்றுடனும் தமக்குத் தொடர்புண்டா? புதிதாக வரும் பிள்ளைகள், இதை எந்த விசரன் எழுதினான் என்று சிரிக்கிறார்கள். மாடு பிடிக்கும் கேள்வி இந்த வருடமும் வந்தது. நான் "ஓம்" என்று எழுதி, கீழே பேர்களைப் போட்டேன். மூன்றாவது பேருக்கு வரும்போது இடம் போதவில்லை. மறுபக்கம் பார்க்கவும் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.