லினக்ஸ் வந்தது, மாமியார் குரல் போனது

குன்சான்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மைத்துனன் கி-ஹுனுக்கு, அத்தான் தொக்-சு எழுதுவது. உன் அக்கா ஓக்-ரான் நலம். நான் நலமா என்பது வரும் சனிக்கிழமை தெரியும்.

சூசோக் அறுவடைத் திருநாள் விடுமுறைக்கு வந்தபோது, "இன்னும் எத்தனை நாள் அந்த விண்டோசைக் கட்டிட்டு அழப்போறீங்க அத்தான்? லினக்ஸைப் போடுங்க, பழைய கம்ப்யூட்டர் குதிரையாட்டம் ஓடும்" என்று ஒரு பென் டிரைவை என் கையில் திணித்துவிட்டுப் போனாயே, ஞாயிறு காலை அக்கா வெளியே போன நேரம் பார்த்து அதைச் செருகினேன். கம்ப்யூட்டரின் வட்டு முழுவதையும் அழிக்கட்டுமா என்று அது மரியாதையாகத்தான் கேட்டது. ஏதோ தூசி தட்டப்போகிறது என்று நினைத்து 'ஆம்' என்றேன். மறுபடியும் கேட்டது. என்னையே சந்தேகப்படுகிறதா என்று ரோஷம் வந்து மறுபடியும் 'ஆம்' என்றேன். குதிரை ஓடியது, முதுகில் இருந்த மூட்டையைக் காணோம். அந்த மூட்டையில் உன் அம்மா இருந்தார்கள், கி-ஹுன். மிளகாய் விழுது ஊறவைக்கும் பக்குவத்திலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டை வரைக்கும் அக்கா உட்காரவைத்துப் பதிவுசெய்த நாற்பத்திரண்டு குரல் பதிவுகள்!

சனிக்கிழமை அம்மாவின் நினைவு நாள். நேற்று அக்கா, "எல்லாரும் சாப்பிட்டதும் அம்மா பேசினதைப் போடணும், ஸ்பீக்கர் நல்லாருக்கா பாருங்க" என்றாள். "தொண்டை கட்டியிருக்கு" என்று உளறினேன். "யாருக்கு?" "ஸ்பீக்கருக்கு." அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படியே உன் அம்மா. அவள் கம்ப்யூட்டர் பக்கம் வந்தாலே நான் ஓடிப்போய் அதன் முன்னால் உட்கார்ந்து சும்மா தட்டுகிறேன். அதில் கொரிய எழுத்துகூட வரமாட்டேன் என்கிறது. ஃபோனில் சொன்னால் அவள் காதில் விழும். அதனால்தான் பேனாவும் விரைவு அஞ்சலும். உன்னிடம் ஒரு பிரதியாவது இருக்குமா? இல்லையென்றால், அழிந்ததை மீட்கத் தெரிந்த ஆள் யாரையாவது வெள்ளிக்கிழமைக்குள் உன் ஊர் உல்சானிலிருந்து கையோடு கூட்டி வா. அம்மா போய் இரண்டு வருடமாகிறது, இன்னமும் அக்கா சமைக்கும்போது அந்தக் குரலைப் போட்டுக் கேட்பாள். நான்தான் அழித்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் வீட்டில் அனைவருக்கும் என் ஆசிகள். எல்லோரும் நோய்நொடியின்றி இருங்கள்.

இப்படிக்கு,
அத்தான் தொக்-சு

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும் முன்பே முதுகுக்குப் பின்னால் நின்று அக்கா முழுவதையும் படித்துவிட்டாள். "அத்தனையும் என் ஃபோன்ல பத்திரமா இருக்கு. உங்க கையில கம்ப்யூட்டரைக் கொடுத்தவ இதுகூடச் செஞ்சு வைக்காம இருப்பேனா?" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். "அதுல ஏழு பதிவு அம்மா உங்களைத் திட்டுறது. சனிக்கிழமை முதல்ல அதைத்தான் போடப்போறேன், எல்லாரும் கேக்கட்டும்" என்றாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. மீட்கிற ஆள் வேண்டாம். நீ மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர். ஃபோனுக்கு லினக்ஸ் போட முடியுமா?