நல்ல மனசுள்ள வெள்ளரிக்காய்

அந்த அலுவலகத்துக்குள் நுழைய இனி வரவேற்பாளர் வேண்டாம், மனசு சுத்தமாக இருந்தால் போதும்! ஊரெல்லாம் இதே பேச்சு. வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு தொடுதிரை. வருகிறவர் விரலால் தொட்டுத் தன் பெயரையும் வந்த காரியத்தையும் தானே பதிய வேண்டும். திரை படம் பிடிக்கும், அட்டை அச்சடித்துத் தரும், கதவைத் திறந்துவிடும். இந்த அற்புதத்தை நம்பி, இருந்த வரவேற்பாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் மேலாளர்.

முதல் நாளே வினை வந்தது. சிலர் தொட்டால் திரை விழித்துக்கொண்டது. சிலர் தொட்டால் கல்லாகக் கிடந்தது. விவரம் உள்ளவன் திரையை விற்றவனைக் கூப்பிட்டிருப்பான். நம் மேலாளர் மனைவியின் அண்ணனைக் கூப்பிட்டார்.

அவருக்கு விரல் ஞானி என்று பெயர். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. ஞானி ஆவதற்கு நிறைய நேரம் இருந்தது. திரையைச் சுற்றி வந்தார், கண்ணை மூடினார், திறந்தார்.

"மாப்பிள்ளை, மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. மனசு அழுக்கான ஆளுங்களை அது உள்ள விடமாட்டேங்குது."

அழுக்குக்கு மருந்தும் அவர் பையிலேயே இருந்தது. சின்னக் குப்பியில் 'சுத்தி நீர்'. விரலில் சொட்டுச் சொட்டாக விட்டுத் தொட்டால் திரை திறந்தது! அப்புறம் கேட்பானேன்? பக்கத்திலேயே மேசை போட்டுவிட்டார். பார்சல் கொண்டுவந்தவர் குப்பி வாங்கினார். தணிக்கைக்கு வந்த அதிகாரி வாங்கினார். உள்ளே ஒரு வேலையும் இல்லாதவர்கள்கூட, மனசைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று வரிசையில் நின்றார்கள். ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்ற தரகர் ஒருவர், மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் உள்ளங்கை வியர்க்க வந்து தொட்டார். ஒரே தொடலில் கதவு திறந்தது.

"தங்கமான மனுஷன்யா!" என்று கூட்டம் கைதட்டியது.

ஒரு நாள் அறிவியல் ஆசிரியை ஒருத்தி நேர்முகத் தேர்வுக்கு வந்தாள். துணைக்கு மாமியார். அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். கணவனுக்கும் வேலை போய்விட்டது. இந்த வேலை கிடைத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். பதினோரு மணிக்குள் மேலே இருக்க வேண்டும்.

சாக்பீஸ் பிடித்துப் பிடித்துக் காய்ந்துபோன விரலால் தொட்டாள். திரை அசையவில்லை. வரிசையில் நின்றவர்கள் அவளை விட்டு ஓரடி விலகினார்கள்.

"பெரிய கறை இருக்கும்மா," என்றார் ஞானி. "உனக்கு ஒரு குப்பி பத்தாது. மூணா வாங்கிக்க."

மாமியாருக்கு வந்ததே கோபம்! "என் மருமக மனசைப் பத்தி இந்தக் கண்ணாடி என்னய்யா சொல்றது? வாய் கொஞ்சம் நீளம், அதை நான் வீட்டுல திட்டிக்கிறேன். மனசு சொக்கத் தங்கம்!"

மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஞானியின் தோளில் கிடந்த ஈரத் துண்டையும் பார்த்தாள். திரையைத் தொட்டுக் காட்டும் ஒவ்வொரு முறைக்கும் முன்னால் அவர் அதில்தான் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, சாப்பாட்டுப் பையில வெள்ளரிக்காய் இருக்கில்ல? கொடுங்க."

"இப்பவா பசிக்குது உனக்கு?"

காம்புப் பக்கத்து நுனியைக் கடித்து எறிந்தாள். கடித்த முனையால் திரையைத் தொட்டாள். 'வருக! வருக!' என்றது திரை. அதே முனையால் எழுத்து எழுத்தாக அழுத்தினாள். பெயர்: வெள்ளரிக்காய். வந்த காரியம்: மனசைக் காட்ட. கேமராவுக்கு முன்னால் காயை நிமிர்த்திப் பிடித்தாள். படத்தோடு அட்டை வந்தது. கதவும் மரியாதையாகத் திறந்தது.

சத்தம் கேட்டு இறங்கி வந்த மேலாளர் வாயைப் பிளந்தார். "மச்சான், காய்க்குக்கூட மனசு இருக்கா?"

"பச்சைக் காய் பாவம் செய்யாத ஜீவன் மாப்பிள்ளை!" ஞானி அசரவில்லை.

"நீங்களும் பாவம் செய்யாதவர்தானே?" என்றாள் ஆசிரியை. "துண்டைக் கொடுத்துட்டு, விரலை நல்லாக் காயவெச்சு, இந்தப் பவுடரைப் பூசிக்கிட்டுத் தொடுங்க பாப்போம்."

மாமியார் கைப்பையிலிருந்து பவுடர் டப்பா அதற்குள் வெளியே வந்துவிட்டது. ஞானியைச் சோதிக்கக் கூடாது என்று விரல் ஞானியே ஏதோ சொல்லிப் பார்த்தார். முன்பு குப்பி வாங்கிய பார்சல்காரர் துண்டை உருவிவிட்டார். ஞானி தொட்டார், தேய்த்தார், குத்தினார். திரை கல்லாகவே கிடந்தது.

"காய்ஞ்ச விரலை இந்தத் திரை சரியா உணராது சார், ஈரம் பட்டா உணரும்," என்றாள் ஆசிரியை. "அதுக்குக் குழாய்த் தண்ணி போதும்." சொன்னபடியே வாசல் குழாயில் விரலை நனைத்துத் தொட்டு, தன் பெயரைப் பதிந்துகொண்டு மாடிக்கு ஓடினாள்.

குப்பிகளோடு நழுவப் பார்த்த ஞானியைக் கூட்டம் மடக்கிப் பிடித்துப் பணத்தைக் கறந்தது. அப்பாடா, புத்தி வந்துவிட்டது என்று நானும் நினைத்தேன். அப்போது தணிக்கை அதிகாரி மாமியாரிடம் மெல்ல வந்து நின்றார்.

"அம்மா, அந்த வெள்ளரிக்காயை விலைக்குத் தருவீங்களா?"

"எனக்குப் பாதி!" என்றது பின்னால் ஒரு குரல்.

மாமியார் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர்கள் கண்ணெதிரிலேயே கறுக் மொறுக்கென்று முழுசையும் தின்று தீர்த்தார்.

ஆசிரியை சிரித்தபடி இறங்கி வந்தாள். "வேலை கிடைச்சிருச்சு அத்தை! காய் எங்க?"

"தின்னுட்டேன். சீக்கிரம் வா, கீழ கிடக்கிற காம்பைப் பொறுக்கிட்டு இருக்காங்க. நாளைக்கு அதுக்கும் ஒரு மேசை போட்டுருவாங்க."

விரலை நனைத்தால் திரை திறக்கும், அய்யா. மூளை திறக்க வேண்டுமானால், முதலில் அதை ஒரு தடவையாவது தொட்டுப் பார்க்க வேண்டும்!