புதன்கிழமை நேயர்கள்

"இது பாராட்டா, புகாரா? அதை மட்டும் சொல்லும்மா," என்றார் நிலைய இயக்குநர்.

அவர் விரல் நேயர் பதிவேட்டின் மேல் இருந்தது. வானொலி நிலையத்துக்கு யார் கூப்பிட்டாலும், கூப்பிட்டவர் என்ன தொழில் செய்கிறார், என்ன சொன்னார் என்பதை டெலிபோன் அம்மாள் அந்தத் தடி நோட்டில் எழுதிவைப்பார். காலைப் பதினொரு மணி இசை நிகழ்ச்சிக்கு அதில் நாலு பகுதி. திங்கள் சாஸ்திரிய இசை, செவ்வாய் ஜாஸ், புதன் மேல்நாட்டு இசை நாடகமான ஒபேரா, வியாழன் நாட்டுப்புறப் பாட்டு. புதன் பகுதியில் இந்த வருஷம் முழுவதற்கும் ஒரே ஒரு குறிப்பு.

"ஆண் குரல். பெயர், தொழில் சொல்லவில்லை. 'அடுத்த வாரமும் உண்டா?' என்று கேட்டார். உண்டு என்றேன். வைத்துவிட்டார்."

"பாராட்டுதான் சார். ஆவலாக் கேட்டிருக்கார்," என்றாள் ஒபேராக்காரி.

பதினோரு வருஷமாகப் புதன்கிழமை நிகழ்ச்சியைத் தயாரித்து, தானே பேசியும் வருவதால் நிலையத்தில் அவளுக்கு அதுதான் பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது.

"எனக்கென்னவோ பயந்து போய்க் கேட்ட மாதிரி இருக்கு," என்றார் இயக்குநர். "விஷயம் இதுதான். அடுத்த மாசத்திலேர்ந்து வாரத்துல ஒருநாள் பதினொரு மணிக்குப் போக்குவரத்துச் செய்தி போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. நாலுல ஒண்ணு போகணும். மாசக் கடைசியில நோட்டைப் பார்ப்பேன். எதுக்கு ஆள் கம்மியோ அது போயிடும்."

வாரத்தின் மற்ற நாட்களில் ஒபேராக்காரி வானிலை வாசிப்பாள். காணாமல்போன குடை, கைப்பை, நாய்க்குட்டி பற்றிய அறிவிப்புகள் வாசிப்பாள். புதன்கிழமை ஒரு மணி நேரம்தான் அவள் பிடித்ததைப் பேசும் நேரம். அந்த ஒரு மணிக்காகத்தான் மற்ற ஆறு நாளும் சலிக்காமல் நாய்க்குட்டி தேடிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். கணவர் பூட்டுக்கடை வைத்திருப்பவர். எந்தச் சிக்கலுக்கும் சாவி உண்டு என்று நம்புகிறவர்.

"ஒரு போன்தானே? நானே பண்றேன்."

"பொய்யில்லையா அது?"

"நான் நேயர் இல்லையா? பதினோரு வருஷமா வீட்டுல உன்னைக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

அடுத்த புதன்கிழமை அவர் கூப்பிட்டார். நிகழ்ச்சி நன்றாக இருந்தது என்று ஒரே வரி சொல்லிவிட்டு வைப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் டெலிபோன் அம்மாள் தொழிலைக் கேட்டுவிட்டார். பூட்டுக்கடை என்றால் தெரிந்துவிடுமே என்று தடுமாறியவர், எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். அது ஒரு பல் ஆஸ்பத்திரி இலவசமாகக் கொடுத்தது.

"பல் டாக்டர்," என்றார். வாய் அதோடு நிற்கவில்லை. "பல்லு புடுங்கும்போது ஒபேராவைத்தான் போட்டு விடுவேன். நோயாளி கத்துறதே வெளியில தெரியாது."

டெலிபோன் அம்மாள் சிரித்துச் சிரித்து அத்தனையையும் எழுதிக்கொண்டார்.

ஒரு குரல் போதாது என்று நாத்தனாரையும் பிடித்தாள். அவள் பொறுப்பான பெண். மாட்டிக்கொள்ளக் கூடாதென்று நிகழ்ச்சியை முதன்முதலாக உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று. கதாநாயகி கடைசியில் காசநோயில் செத்துப்போனாள். பதிவேட்டில் இப்படி ஏறியது: "பெண் நேயர். அழுதார். வேறு எதுவும் சொல்ல முடியவில்லை."

மாலையில் அண்ணி வீட்டுக்கு வந்தும் அவளுக்கு ஆறவில்லை. "இருமல்காரி, இருபது நிமிஷம் மூச்சு விடாமப் பாடிட்டு, அப்புறம் மூச்சு முட்டிச் செத்துட்டா அண்ணி. அந்தக் காதலன்காரன் பக்கத்துல நின்னு அவனும் பாடுறான். ஓடிப் போய் ஒரு டாக்டரைக் கூட்டிட்டு வர வேண்டாமா?"

மாமனாரை யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவருக்குக் கோபம். குடிநீர் வாரியத்தில் முப்பத்தாறு வருஷம் மீட்டர் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வியாழக்கிழமையானால் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு நாட்டுப்புறப் பாட்டுக்குத் தொடையில் தாளம் போடுவார். மருமகளின் புதன்கிழமையைப் பற்றி அவருடைய அபிப்பிராயம் வேறு.

"பாட்டுன்னா நாமளும் கூட சேர்ந்து பாடணும். உன் ஆளுங்க எதுக்கும்மா அப்படிக் கத்துறாங்க? யாராவது காலை மிதிச்சிட்டாங்களா?"

ஆனாலும் குடும்பம் என்று வந்தால் விட்டுக்கொடுக்க மாட்டார். அந்த மாதம் நாலு தடவை கூப்பிட்டார். ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் என்று சொல்லிக்கொண்டார். கடலை அவர் படத்தில்தான் பார்த்திருந்தார்.

மாதக் கடைசியில் இயக்குநர் பதிவேட்டைப் பிரித்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலு தயாரிப்பாளர்களும் எதிரே நின்றார்கள்.

"பல் டாக்டர்! கப்பல் கேப்டன்! அழுத பெண்மணி! இத்தனை நாள் இவங்கள்லாம் எங்க ஒளிஞ்சிருந்தாங்க?" அவர் பக்கத்தைத் திருப்பினார். "ஜாஸுக்கு நீதிபதி ஒருத்தர். சாஸ்திரிய இசைக்குப் பேராசிரியை. நாட்டுப்புறத்துக்கு மலையேறுற வீரர். போன் எண்ணிக்கை நாலுக்கும் ஒண்ணாத்தான் இருக்கு."

நீதிபதி என்றதும் ஒபேராக்காரி பக்கத்திலிருந்த ஜாஸ்காரரைப் பொறாமையோடு பார்த்தாள். மற்றவர்களுக்கு நிஜமாகவே எப்பேர்ப்பட்ட நேயர்கள்! நம்முடையதோ பூட்டும் மீட்டரும்.

"நோட்டை வச்சு முடிவு பண்ண முடியாது. நேர்ல கூப்பிட்டுடுவோம்," என்றார் இயக்குநர். "அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு நேயர் சந்திப்பு. பன்னிரண்டு நாற்காலி, நிகழ்ச்சிக்கு மூணு பேர், முந்தி வர்றவங்களுக்கு முதல் இடம். ஆளுக்கு ஒரு சீட்டுல எது வேணும்னு எழுதட்டும். கடைசியா நிக்கிறது போகும். கடைசி இடத்துல ரெண்டு மூணு சமமா நின்னா எதையும் எடுக்க மாட்டேன், போக்குவரத்தை வேற மணிக்குத் தள்ளிடுவேன். எல்லாரும் அவங்கவங்க நிகழ்ச்சியில அறிவிச்சிடுங்க."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இருந்தது. வெளியார் யாராவது வந்து தன் வீட்டாருக்கு இடமில்லாமல் போய்விட்டால்? இருக்கிற மூன்று ஓட்டும் போய்விடுமே என்று பயந்தாள். அதனால் அந்தப் புதன்கிழமை, இரண்டு பாட்டுகளுக்கு நடுவே, மருந்து விளம்பரத்தின் கடைசி வரியைப் போல ஒரே மூச்சில் அறிவிப்பை வாசித்து முடித்தாள். அவளுக்கே சரியாகக் காதில் விழவில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை நடந்தது.

"மூணு பேரும் தனித்தனியா வாங்க. என்னைத் தெரியாத மாதிரி இருங்க. மாமா, அந்தத் தொப்பி வேணாம்."

"கேப்டன்னா தொப்பி இருக்கணும்மா," என்றார் மாமனார். வெள்ளைத் தொப்பியை எங்கே பிடித்தார் என்று கடைசி வரை சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஒத்திகைக் கூடத்தில் பன்னிரண்டு மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒபேராக்காரி உள்ளே நின்று வரவேற்க வேண்டும். வாசலைப் பார்த்துக்கொள்வது காவலாளியின் வேலை. அவர் ரொம்பக் கறார். அடையாள அட்டையை மறந்து வந்த இயக்குநரையே ஒருநாள் முக்கால் மணி நேரம் வெளியே நிற்க வைத்தவர். வந்தவர்கள் எல்லோரும் இளஞ்சிவப்பு வருகைச் சீட்டை நிரப்பி அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

மாமனார் நேராக அவள் முன்னால் வந்து நின்றார். "யாரும்மா நீ? உன்னை நான் பார்த்ததே இல்லையே!" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். இன்னொரு தடவையும் சொன்னார்.

பன்னிரண்டு நாற்காலிகளும் பத்து மணிக்கு முன்பே நிரம்பிவிட்டன. இயக்குநர் எல்லோரையும் பேசிப் பழகச் சொன்னார். ஒபேராக்காரி சுவரோரமாக நின்றாள். பக்கத்தில் ஜாஸ்காரர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முதல் சோதனை நீதிபதி உருவத்தில் வந்தது. "டாக்டர், கொஞ்ச நாளா இந்தப் பக்கம் வலி. லேசாப் பாருங்களேன்," என்று கணவரிடம் வாயைத் திறந்தார்.

கணவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றொரு கண்ணால் உள்ளே பார்த்தார். சாவித் துவாரத்தை அவர் பார்க்கும் விதமே அதுதான். "பின்னால ஒண்ணு தேஞ்சிருக்கு. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்க. சரி வரலைன்னா மொத்தமாக் கழட்டி வேற மாட்டிடலாம்."

நீதிபதி மெல்ல வாயை மூடி, நன்றி சொன்னார்.

மலையேறும் வீரர் மாமனாரிடம் திரும்பினார். நாலு படி ஏறி வந்ததற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. "கப்பல்ல ரொம்ப தூரம் போயிருப்பீங்களே கேப்டன்?"

"போகாத தெருவே கிடையாது," என்றார் மாமனார். "வீட்டுக்காரங்க நாயைக் கட்டலைன்னாத்தான் சிரமம்."

மலையேறும் வீரர் தலையாட்டிக்கொண்டார். பேராசிரியையிடம் எந்த மாதிரி சாஸ்திரிய இசை பிடிக்கும் என்று நாத்தனார் கேட்டதற்கு, "நீளமா இருக்கிறது," என்று பதில் வந்தது. யாரும் யாரையும் அதற்கு மேல் துருவவில்லை. ஒபேராக்காரிக்கு ஆச்சரியமாக இருந்தது. இசை கேட்கிறவர்கள் எவ்வளவு பெருந்தன்மையானவர்கள் என்று நினைத்துக்கொண்டாள். இப்படிப்பட்டவர்களை ஏமாற்றுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

சீட்டுகளை எழுதி வாங்கி இயக்குநர் எண்ணினார்.

"சாஸ்திரிய இசை மூணு. ஜாஸ் மூணு. நாட்டுப்புறம் நாலு." மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஒபேரா ரெண்டு."

ஒபேராக்காரி திரும்பிப் பார்த்தாள். மாமனார் கூரையை உன்னிப்பாக ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய விரல்கள் தொடையில் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

கூட்டம் கலைந்ததும் நடையில் அவரைப் பிடித்தாள். "என்ன மாமா இது?"

"பொய் சொல்லி உள்ள வந்தாச்சு. சீட்டுலயாவது உண்மையை எழுதுவோம்னு தோணிடுச்சும்மா." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "கை அதுவாவே எழுதிடுச்சு. உன்கிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசுறதுன்னு தெரியல."

அவளுக்குக் கோபம் வரவில்லை. துக்கம்தான் வந்தது. நியாயமாகத்தான் தோற்றிருக்கிறோம் என்று பட்டது. மற்ற மூன்றுக்கும் சனிக்கிழமை வேலையை விட்டு வந்து உட்கார நிஜமான ஆட்கள் இருக்கிறார்கள். தனக்கு வீட்டாரைத் தவிர யாருமில்லை. அதிலும் ஒருவர் கட்சி மாறிவிட்டார். பதினோரு வருஷம் காலி அறையைப் பார்த்தா பேசிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

"போகுது விடு," என்றார் கணவர். "போக்குவரத்துச் செய்தியையும் நீயே வாசி. நான் கேட்கிறேன்."

நாலு பேருமாக வாசலுக்கு வந்தார்கள். இனி தெரியாதவர்கள் போல நடிக்க வேண்டிய அவசியமில்லை. காவலாளி எழுந்து நின்று ஒரு கட்டு இளஞ்சிவப்புச் சீட்டுகளை நீட்டினார்.

"உங்களோட மூணு சீட்டுலயும் கையெழுத்துப் போட்டுடுங்கம்மா. மத்த சாருங்கல்லாம் போட்டுட்டாங்க."

அவள் பார்க்காமலே முதல் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். "சிரமம் ஒண்ணும் இல்லையே?" என்று ஒப்புக்குக் கேட்டு வைத்தாள்.

"ஒண்ணுமில்லம்மா," என்றார் காவலாளி. "சீட்டுல 'இங்கே வேலை செய்பவருக்கு என்ன உறவு'ன்னு ஒரு கட்டம் இருக்கில்ல, பொய் எழுதினா கேஸ் ஆகும்னு சொன்னேன், பன்னிரண்டு பேரும் மாமனார், சித்தி, ஜாஸ் சாரோட மச்சான்னு ஒழுங்கா எழுதிக் குடுத்துட்டாங்க, ஒரே ஒருத்தர்தான், காலையில எட்டு மணிக்கே வந்து, 'அடுத்த வாரமும் ஒபேரா உண்டா'ன்னு கேட்டுக்கிட்டு நின்னார், உங்களுக்கு இங்க யார் உறவுன்னா யாருமே இல்லை, நான் சும்மா ரேடியோ கேக்கிறவன்னார், கட்டம் காலியா இருந்தா உள்ள விடக் கூடாதில்ல, அவரை மட்டும் திருப்பி அனுப்பிட்டேன்."