படகுக்குப் போன சீர்த்தட்டு

தணிகைவேலின் இரண்டு ஷூக்களும் படகுக்குள் இறங்கிய பிறகுதான் மகள் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது.

ஆம்பூரில் கார் ஏறும்போதே கலையரசி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "அப்பா, வசந்த் வீட்ல படகுதான் சாமி. செருப்புக் கால மட்டும் வச்சிடாத. கல்யாணத்துக்கு அவங்கம்மா இன்னும் சரின்னு சொல்லல. உங்க ரெண்டு பேரையும் நேர்ல பார்த்துட்டுத்தான் சொல்வாங்களாம்."

பாவம், மனுஷர் என்ன செய்வார்! பாலாற்றில் மணலையே பார்த்து வளர்ந்த கண். மெரினாவுக்கு ஒருமுறை போயிருந்தாலும் அங்கே கூட்டத்தைத்தான் பார்த்தார். சதுரங்கப்பட்டினத்தில் இறங்கினால் ஒரு பக்கம் டச்சுக்காரன் கட்டிய செங்கல் கோட்டை, மறுபக்கம் முடிவே இல்லாத கடல். அம்மாடியோவ்! பிளந்த வாயோடு நடந்தவர் கரையில் நின்ற நீலப் படகில் ஏறிவிட்டார்.

"சாவித்திரி! இன்னாமா இருக்குது பாரு! அந்தக் காலத்துல இங்கேருந்துதான் கப்பல் கப்பலா சீமைக்குத் துணி போச்சாம்!"

"அது போவட்டும். உங்க கால பாருங்க," என்றாள் சீர்த்தட்டோடு பின்னால் வந்த மனைவி.

பார்த்தார். ஏற்றுமதிக்குத் தைத்த ஷூ, பளபளவென்று இருந்தது.

"யாருனா பார்த்துட்டாங்களா?"

பத்தடி தள்ளி ஓர் அம்மாள் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அவர்மேல் வைத்த கண்ணை எடுக்கவேயில்லை.

பதறிப்போய் ஷூவைக் கழற்றி வெளியே வீசினார். ஒன்று படகின் மூக்கில் மோதி, கறுப்புப் பாலீஷை அப்பிவிட்டு விழுந்தது. கைக்குட்டையால் துடைத்தார். கறை ஒரு முழத்துக்குப் பரவியது.

"தண்ணி ஊத்திக் கழுவுங்க!"

பாட்டிலோடு கடலுக்கு ஓடினார். அலை அவரை இடுப்புவரை நனைத்துத் திருப்பி அனுப்பியது. அந்த நிலையிலும், "அடேங்கப்பா, எவ்ளோ தண்ணி!" என்று வியந்துகொண்டேதான் வந்தார். கழுவினால் நீலச் சாயமும் சேர்ந்து வழிந்தது.

அந்த அம்மாள் இன்னும் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"இந்தம்மா ஊர்ல போய்ச் சொன்னா முடிஞ்சிது கத," என்று முனகினார் தணிகைவேல். "பரிகாரம் பண்ணிடலாம். அந்தத் தேங்காய எடு."

"ஐயே, அது சீர்த்தட்டுக்கு!"

"சாமிக்கு அப்புறந்தான் சம்பந்தி. எடும்மா!"

படகின் மூக்கில் அடித்த அடிக்குத் தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. "மரம்னா இது மரம்! எப்டி நிக்குது பாரு!" என்று அசந்துபோனார். பூ போனது, பழம் போனது, வெற்றிலையும் போனது. குங்குமத்தைக் கரைத்துக் கறைமேல் பொட்டு வைத்தார். சாவித்திரி கையில் வெறுந்தட்டுதான் மிச்சம்.

பொட்டு வைத்த விரல் சும்மா இருக்குமா? முப்பது வருஷம் பாக்டரியில் தோல் தரம் பிரித்த விரல் அது. ஒரு தேய்ப்பில் ஆடா மாடா, எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடும். படகை மெல்லத் தேய்த்துப் பார்த்தார். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"சாவித்திரி, என் சர்வீஸ் மேல சத்தியமா சொல்றேன். இது நூறு வருஷம் உப்புத் தண்ணில ஊறின கட்ட. எத்தன புயலப் பார்த்திருக்குமோ! எத்தன பேர பத்திரமா கரை சேர்த்திருக்குமோ! இதப் போய் ஷூ காலால மிதிச்சிட்டேனே!"

சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்தது. சாவித்திரியும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுற்றுலா வந்த நாலு பேர் செல்போனில் வீடியோ எடுக்க, தணிகைவேல் ஈரப் பேண்ட்டோடு மணலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தாயே! தப்பு என்னோடது. எம் பொண்ணுக்கு இன்னா தெரியும்? அவ அந்தப் பையன் மேல உசுரையே வச்சிருக்கா. பையனோட அம்மா மனசு இரங்கணும். நீதான் கரை சேர்க்கணும்!"

பக்கத்தில் மணல் சரசரத்தது. மீன்கூடையை வைத்துவிட்டு வந்த அந்த அம்மாள் குனிந்து அவர் தோளைத் தொட்டாள்.

"எழுந்திருங்க, இது டூரிஸ்ட்டுங்க போட்டோ புடிச்சிக்கிறதுக்குப் போன மாசம் சிமெண்ட்ல கட்டினது, நம்ம படகு கடலுக்குப் போயிருக்குது, வீட்டுக்கு வாங்க சம்பந்தி."