எலுமிச்சம்பழம் பார்த்துக் கொடுத்த கார்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. என் ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு ஐம்பது பேர் நிற்கிறார்கள். தண்ணீர் லாரி வந்ததா? இல்லை. ரேஷனில் சர்க்கரை போடுகிறானா? அதுவும் இல்லை. பக்கத்து வீட்டில் வாகனச் சித்தர் அருள் வழங்குகிறாராம்!

இது 2008-இல், ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் நடந்த கூத்து. அதற்கு முந்தின வருஷம்வரை சித்தரின் பெயர் சுடலைமுத்து. காருக்கு சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தார். தையல் சோறு போடவில்லை, தாடி போட்டது. கார் வாங்கப் போகிறவன் இரண்டு வண்டிகளில் எதை எடுப்பது என்று குழம்புவான் அல்லவா? அந்தக் குழப்பத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார் மனுஷன்.

முறை ரொம்ப சுலபம். இரண்டு வண்டிக்கும் ஷோரூமில் விலைச்சீட்டு வாங்கி வர வேண்டும். சித்தர் முன்னால் கால் வைத்த ஒரு குட்டைப் பலகை, அதன்மேல் சிவப்புத் துணி. சீட்டுகளை இரண்டு ஓரத்திலும் வைத்து, நடுவில் எலுமிச்சம்பழத்தை வைப்பார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார். பழம் தானாக உருண்டு ஒரு சீட்டைத் தொடும். தொட்ட வண்டி மகாலட்சுமி. தொடாத வண்டி எமன். அதை வாங்கினால் கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் லாரியில் அடிபட்டுச் சாவு. தீர்ந்தது சந்தேகம்!

வரிசையில் நின்றவர்கள் படிக்காத ஜனங்கள் என்று நினைத்தீர்களா? முக்கால்வாசிப் பேர் கம்பெனி ஆட்கள், ஐயா! முதலில் நின்ற மாரிமுத்து லேத் மெஷின் ஓட்டுகிறவர். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு அளவு கூடினாலும் கம்பியைத் தூக்கிக் குப்பையில் போடுவார். அப்பேர்ப்பட்டவர் எலுமிச்சம்பழத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்கிறார். எனக்கு வயிறு எரிந்தது.

அன்று மூன்றாவதாக உட்கார்ந்தவர் கங்கப்பன். கூடவே மனைவி ஜோதியம்மாள், எங்கள் எதிர்வீட்டில் குடியிருக்கும் மனைவியின் தங்கை வினோதா. கங்கப்பன் இருபது வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டியவர். ராயக்கோட்டைப் பக்கம் இருந்த ஒரே துண்டு நிலத்தையும் விற்றுவிட்டார். அந்த வருஷம்தான் பெங்களூர் விமான நிலையம் தேவனஹள்ளிக்குப் போயிருந்தது. அங்கே வந்து இறங்கும் விருந்தாளிகளை ஓசூருக்குக் கூட்டிவர ஒரு கம்பெனி அவருக்கு ஒப்பந்தம் தருவதாகச் சொல்லியிருந்தது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேச்சு. சரியான வண்டி அமைந்தால் பிழைத்தார். தப்பான வண்டி என்றால் நிலமும் போச்சு, பிழைப்பும் போச்சு.

அவர் கையில் இரண்டு சீட்டு. ஒன்று ஆர்வோ. டீசல் வண்டி, பார்க்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் பின்னால் நாலு பெட்டி தாராளமாக வைக்கலாம். இன்னொன்று செலினா. பெட்ரோல் வண்டி, பளபளவென்று இருக்கும், பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கும்.

பழம் உருண்டது. நேராகப் போய் செலினாவைத் தொட்டது.

"மகனே, செலினா உன் குலத்தைத் தூக்கி நிறுத்தும். ஆர்வோ வேண்டாம்ப்பா, ரத்தம் தெரியுது!" என்றார் சித்தர்.

கங்கப்பனுக்கு முகமே செத்துப்போச்சு. "சாமி, பெட்ரோல் வண்டி நமக்குக் கட்டுப்படியாகாதுங்களே? தெனமும் தேவனஹள்ளி போயிட்டு வரணுங்க."

"உசிரு பெருசா, பெட்ரோல் பெருசா?"

ஜோதியம்மாள் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "அந்த டீசல் வண்டி நமக்கு வேணாம்யா. புள்ளைங்கள நெனச்சுப் பாரு!"

சித்தருக்குப் பின்னால் கழுத்தில் டை கட்டிய அஸ்வின் என்ற பையன் ரசீதுப் புத்தகத்தோடு தயாராக நின்றான். செலினா விற்கும் ஷோரூமின் விற்பனை ஆள். பக்தி முற்றி வந்திருப்பான் போலிருக்கிறது, பாவம்.

அப்போதுதான் வினோதா வாயைத் திறந்தாள். ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு.

"சாமி, எங்க கம்பெனியில ஒரு வழக்கம் இருக்குதுங்க. அளவு பாக்குற கருவியையே மொதல்ல சோதிப்போம். எதை அளக்கறோம்னு சொல்லாம ஒரே சாமானை ரெண்டு தடவ குடுப்போம். ரெண்டு தடவையும் ஒரே அளவு காட்டினாத்தான் அந்தக் கருவிய நம்புவோம். உங்க பழத்தையும் அப்படி ஒரு தடவ பாத்துரலாமா? இந்தாங்க, சீட்டு ரெண்டுக்கும் நகல் எடுத்துக் கவர்ல போட்டு ஒட்டிக் கொண்டாந்திருக்கறேன்."

சித்தர் முறைத்தார். "தெய்வத்தைச் சோதிக்கிறியா?"

அவர் தப்பித்திருப்பார். கெடுத்தது பக்தர்தான். மாரிமுத்து மார்தட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "ஏம்மா, எங்க சாமிக்குக் கவருக்குள்ள இருக்கறது தெரியாதா? கண்ணைக் கட்டினாலும் சொல்லுவாரு! சொல்லுங்க சாமி, இந்தப் பொண்ணு வாய அடைங்க!"

கூட்டமே "ஆமாம் சாமி" என்று கத்தியது. சித்தருக்கு வேறு வழி? கவர்களை வைத்தார். அஸ்வினைப் பார்த்தார். அவன் உதட்டைப் பிதுக்கினான். முணுமுணுப்பு இந்த முறை ரொம்ப நேரம் நீண்டது. கடைசியில் பழம் இடது பக்கம் உருண்டது.

"இதோ, செலினா! வலது பக்கம் இருக்கிறதுதான் எமன்."

வினோதா இடது கவரைக் கிழித்தாள். ஆர்வோ. வலது கவரைக் கிழித்தாள். அதிலும் ஆர்வோ! ஒரே சீட்டின் இரண்டு நகல். செலினா கவருக்குள் இருக்கவே இல்லை.

"அப்ப மகாலட்சுமியும் ஆர்வோ, எமனும் ஆர்வோ. நாங்க எதுல போகட்டும் சாமி?"

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. சித்தர் எழுந்து, "நம்பிக்கை இல்லாதவ சீட்டைத் தொட்டதால பழத்துக்குக் கோபம்!" என்று கூவினார். வினோதா அதற்குள் பழத்தை எடுத்து இரண்டாகப் பிய்த்துவிட்டாள். சாறு வழிந்தது. கூடவே டங் என்று ஓர் இரும்புக் குண்டு பலகையில் விழுந்தது.

மாரிமுத்து குனிந்து அதை எடுத்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். கம்பெனிப் புத்தி அப்போதுதான் வேலை செய்தது. குண்டை மெல்ல சித்தரின் முழங்கால் பக்கம் கொண்டுபோனார். சடக்கென்று கையை விட்டுப் பறந்து வேட்டியில் ஒட்டிக்கொண்டது. வேட்டியை விலக்கினால், முழங்காலில் வார் போட்டுக் கட்டிய காந்தம்! பலகைக்கு அடியில் அந்தக் காலை நகர்த்தித்தான் பழத்தை உருட்டியிருக்கிறார்.

"யோவ், இது ஸ்பீக்கர் காந்தம்யா!" என்று அலறினார் மாரிமுத்து. போன மாதம் அதே பழத்தை நம்பி அதே செலினாவை வாங்கியவர் அவர்தான். இன்று கும்பிட்டு நன்றி சொல்ல வந்தாராம்.

"என்னைய அடிக்காதீங்க! எட்டு மாசமா விக்காம கெடக்குற வண்டிய வித்துக் குடுன்னு அஸ்வின் தம்பி சொன்னதைத்தானே செஞ்சேன்!" என்று கதறினார் சித்தர். திரும்பிப் பார்த்தால் அஸ்வினைக் காணோம். ரசீதுப் புத்தகம் மட்டும் கிடந்தது.

வினோதா அக்கா புருஷனிடம் கேட்டாள். "மாமா, இந்த ரெண்டு வண்டியில எதையாச்சும் ஓட்டிப் பாத்தியா?"

"இல்லையே புள்ள."

இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை! மறுநாளே இரண்டையும் ஷோரூம்களில் ஒரு நாள் இரவல் கேட்டு வாங்கி, குடும்பத்தையும் பெட்டிகளையும் ஏற்றி அஞ்செட்டிப் பக்கம் மேடு பள்ளத்தில் ஓட்டிப் பார்த்தார். செலினா நாலு இடத்தில் வயிற்றைத் தரையில் தேய்த்தது. ஆர்வோவையே எடுத்தார், ஒப்பந்தமும் கிடைத்தது. ஜோதியம்மாள் தைரியமாக முன்சீட்டில் உட்கார்ந்து போகிறாள்.

ஆனால் என் வயிற்றெரிச்சல் தீரவில்லை. அடுத்த ஞாயிறும் ஸ்கூட்டரை எடுக்க முடியவில்லை. அதே கூட்டம், இப்போது வினோதாவைச் சுற்றி. கையில் தேங்காய், பூ, இரண்டிரண்டு விலைச்சீட்டு.

"அம்மா, எங்களுக்கு எந்த வண்டி ராசின்னு நீங்களே சொல்லிருங்கம்மா!"

வினோதா தெருவே அதிரக் கத்தினாள். "உங்க கழுத்துக்கு மேல இருக்குதே, அது ஹெல்மெட் மாட்ட மட்டுந்தானா? போய் யோசிங்கய்யா!"