ஒழித்துக் கொடுத்த அறை

கண்ணாடிக்கடைக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இன்றைய நாடகம் எந்தப் பக்கம் போகிறது என்று கற்றே தீருவது.

இந்த ஞானம் சும்மா பிறக்கவில்லை. போன முறை அவர் குழு போட்ட ராஜா நாடகத்தில் திரை விழுந்தபோது அரங்கில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். ஒருவர் மைக்செட்காரர். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் இவருடைய மனைவி. அவர் தூங்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

மூக்குக்கண்ணாடி மாட்டி ஊருக்கே பார்வை கொடுக்கிறவருக்குப் பார்வையாளர் கிடைக்கவில்லை என்றால் எப்படி? நவீன நாடகம் சொல்லித்தரும் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

"என்ன சார், கடையைச் சீக்கிரமே சாத்திட்டீங்க?" என்றார் எதிர்வீட்டு பஸ் கண்டக்டர்.

"இப்ப புதுசா ஒரு போக்கு..."

"எனக்கும் போன வாரம் போக்குதான் சார். மாத்திரை போட்டேன், டக்குனு நின்னுடுச்சு."

"நாடகப் போக்குய்யா!"

"அது நிக்காதா?"

வீட்டில் வேறு தலைவலி. மனைவி தையல்காரம்மா. அவருடைய மிஷின் சமையலறையில், அடுப்பை உரசிக்கொண்டு கிடந்தது. போன வாரம் யாரோ தைக்கக் கொடுத்த வெள்ளைப் பட்டுச் சட்டையில் எண்ணெய் தெறித்து, முதுகெல்லாம் பொட்டுப் பொட்டாகிவிட்டது. வாசலறையிலோ அட்டைச் சிம்மாசனம், பலகை மரங்கள், ஒரு மூட்டை நிறையத் தாடி.

"ஏங்க, அந்த ரூமை ஒழிச்சுக் குடுங்களேன். வெளிச்சமும் நல்லா வருது."

"நான் இப்ப ஆராய்ச்சியில இருக்கேம்மா. நவீன நாடகப் போக்கு."

"உங்களுக்குச் சாக்குப்போக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சேன்."

அதோடு தையல்காரம்மா அறையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மாறாக, சாப்பாடு போடும்போதெல்லாம் பாடம் கேட்க ஆரம்பித்தார். நம்மவருக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிய மனைவியே மாணவி!

"இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

"மேடையே வேண்டாமாம். வீடு, பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட்டு, எங்க வேணா நாடகம் போடலாம்."

"அப்ப சிம்மாசனம், மரம், தாடி?"

"எல்லாம் குப்பை! காலி இடம் போதும்."

"பாக்க வர்றவங்க?"

"சும்மா குந்திக்கிட்டுப் பாக்கக் கூடாது. உள்ள புகுந்து வேலை செய்யணும். முடிவைக்கூட அவங்கதான் கையைத் தூக்கிச் சொல்லணும்."

"எது நடிப்பு, எது நிஜம்னு எப்படித் தெரியும்?"

"தெரியவே கூடாது. அதுதான் உச்சம்!"

"உங்களுக்குப் புரியுதா?"

அவர் கொஞ்ச நேரம் மென்றார். "புரியாம இருக்கிறதும் ஒரு கட்டம்னு வாத்தியார் சொன்னார்."

தையல்காரம்மா இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டார்.

சனிக்கிழமை மாலை வீடு திரும்பினால், வாசலில் கண்டக்டர் விசிலோடு நிற்கிறார்.

"டிக்கெட் எடுத்தாச்சா சார்?"

"என் வீட்டுக்கா?"

"உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு!"

உள்ளே தெருவே நின்றது. வாசலறை நடுவில், அவருடைய குழுவின் ராஜா வேஷக்காரர் சிம்மாசனத்தில் உட்கார்ந்து கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார். எதிரே தையல்காரம்மா, கையில் எண்ணெய்ப் பொட்டு விழுந்த சட்டை.

"இந்தச் சட்டைக்கு நான் ஊரார்கிட்ட மன்னிப்புக் கேட்டு நின்னேன். அப்ப இந்த அட்டை ராஜா இங்க காத்தோட்டமா சாஞ்சிருந்தார்!"

குரல் உடைந்தது. நடிப்பா? நிஜமா? அவருக்கு விளங்கவில்லை. தன் கண்ணும் ஏன் நனைகிறது என்று அதைவிட விளங்கவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது: நவீன நாடகம் அவர் வீடு தேடி வந்திருக்கிறது!

"பாக்கிறவங்க சும்மா நிக்கலாமா?" என்றார் தையல்காரம்மா.

சிம்மாசனத்தின் ஒரு காலை முதலில் பிடித்தவர் கண்ணாடிக்கடைக்காரர்தான். மரங்களை அவரே தூக்கினார். தாடி மூட்டையைத் தலையில் சுமந்து போய் வாசலில் நின்ற லாரியில் ஏற்றினார். லாரி டிரைவர் எவ்வளவு இயல்பாக நடிக்கிறார் என்று வியந்தார்.

"இந்த ரூம் நாடகத்துக்கா, தையலுக்கா? தையலுக்குன்னா கையைத் தூக்குங்க!"

எல்லாரும் ஆளுக்கொரு கை தூக்கினார்கள். அவர் இரண்டு கையையும் தூக்கினார். கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. மிஷின் வந்து உட்கார்ந்தது.

"ஒத்திகையிலகூட இவ்வளவு நல்லா வரல சார்!" என்று விசிலடித்துவிட்டுப் போனார் கண்டக்டர்.

"ஒத்திகையா? எப்ப?"

"நீங்க வகுப்புக்குப் போனப்பல்லாம்," என்றார் தையல்காரம்மா.

"பிரமாதம்மா! சரி, சாமானெல்லாம் எப்பத் திரும்ப இறக்குவாங்க?"

"பள்ளிக்கூடத்துக்குக் குடுத்தாச்சுங்க. பிள்ளைங்க ஆசையா கேட்டுச்சுங்க."

"அப்ப அது நிஜ லாரியா!"

"லாரி நிஜம். டிரைவர்தான் கொஞ்சம் நடிச்சார்."

"ராஜா அழுதாரே?"

"சிம்மாசனத்துல ஆணி."

அவர் தயங்கினார். "நீ அழுதியே?"

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. "அதுதாங்க எனக்கே தெரியல."

அவர் வெறும் அறையைச் சுற்றிப் பார்த்தார். "நான் கையைத் தூக்கினது மட்டும்..."

"அதைத் தெருவே பாத்துச்சு. நாளைக்குக் கடையிலேர்ந்து வர்றப்ப நீல நூல்கண்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

மறுநாள் மறக்காமல் வாங்கி வந்தார். பச்சை.